க்ரீம் இல்லாமலே சூப் வழுவழுப்பாவது எப்படி?

நாலு கேரட்டையும் ஓர் உருளைக்கிழங்கையும் வேகவைத்துக் கூழாக்கினால், ஒரு சொட்டு க்ரீம் சேர்க்காமலே சூப் கெட்டியாக, வழுவழுப்பாக வருகிறது. ஏன்?

பாதி வேலை உருளைக்கிழங்கின் மாவுச்சத்துடையது. வெப்பம் சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அதன் நுண்மணிகள் தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு உப்புகின்றன. உப்பிய மணிகள் நெருக்கியடிப்பதால் நீர் தாராளமாக ஓட முடிவதில்லை.

கேரட்டில் மாவுச்சத்து மிகக் குறைவு. அதன் செல்களை, செங்கல்லுக்கு நடுவே சாந்துபோல, பெக்டின் என்ற பொருள் பிடித்துவைத்திருக்கிறது. கொதிக்கக் கொதிக்க அது மெல்லக் கரைந்து செல்கள் விலகுகின்றன. கரைந்த பெக்டினும் சூப்புக்குக் கொஞ்சம் அடர்த்தி தருகிறது. இங்கே அவசரம் கூடவே கூடாது. கத்திமுனை தடையின்றி இறங்கும்வரை வேகட்டும். அரைவேக்காட்டுக் கேரட்டை எவ்வளவு அரைத்தாலும் நறநறப்பை நாக்கு கண்டுபிடித்துவிடும். தக்காளியையோ எலுமிச்சையையோ முதலிலேயே சேர்க்காதீர்கள். புளிப்பில் பெக்டின் எளிதில் கரையாது. காய் வேக வெகுநேரமாகும். இறக்கியபின் பிழியுங்கள்.

கேரட்டை ஆறவிட்டு, மிக்ஸியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓட்டலாம். உருளைக்கிழங்கை அப்படி ஓட்டினால் செல்கள் கிழிந்து, மாவுச்சத்து வெளியேறி, சூப் பசையாக இழுக்கும். அதைத் தனியே கையால் மசித்துக் கலப்பதே என் சிபாரிசு.

கடைசியில் ஒரு ஸ்பூன் வெண்ணெய் அவசியம். கேரட்டின் பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. கொழுப்பு சேர்ந்தால்தான் உடல் அதை நன்றாக உறிஞ்சும்.