புங்க எண்ணெயில் ஓடும் ஜெனரேட்டர்

பெங்களூர் பிரேசர் டவுனில் கரண்ட் போனதும் உறுமுகிற டீசல் ஜெனரேட்டரை, சாலையோரப் புங்க மரத்தின் விதை ஓட்டுமா? ஓட்டும். நம் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீநிவாசா இதை ஆராய்ந்தார். மண்டியா மாவட்டத்துக் கக்கனஹள்ளியில் புங்க எண்ணெயில் ஓடிய ஜெனரேட்டர்கள் வயலுக்குத் தண்ணீர் இறைத்தன. சமையல் எண்ணெய்க்குப் பஞ்சம் வராதா என்று கேட்கலாம். புங்க எண்ணெய் கசக்கும், அதில் யாரும் சமைப்பதில்லை. மரமோ வறண்ட நிலத்திலும் வளரும். கெட்டியான எண்ணெய் இன்ஜினை அடைத்துவிடாதா? அந்தக் கவலை நியாயமானதுதான். அதனால் டீசலில் கிளப்பி, இன்ஜின் சூடான பிறகு புங்க எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி டீசலை ஓடவிடுவது நல்லது. சூட்டில் எண்ணெய் இளகிவிடும். விதை பொறுக்குவதும் ஆட்டுவதும் கிராமத்தார் என்றால், டீசலுக்குப் போகிற காசு ஊரிலேயே தங்குமே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.