விசிறி சுற்றுகிறது, படம் வரவில்லை!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அசோக் நகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாங்கள் நான்கு பேர், அசோகத் தூணின் நான்கு சிங்கங்களைப் போல ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் விசிறிகள் ஜோராகச் சுற்றின. சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் எரிந்தன. பக்கத்தில் இருந்த மானிட்டரில் மட்டும் அமாவாசை இருட்டு!

பெட்டி என் பேத்தியுடையது. கட்டடக்கலை படிக்கிறாள். முப்பரிமாணப் படங்கள் வரைய நல்ல கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள். ரெடிமேடாக வாங்கினால் விலை எட்டவில்லை. என் மகள் தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். பேத்தி அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போய், கடை கடையாக விலை விசாரித்து, மதர்போர்டு, பிராஸஸர், ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் எல்லாவற்றையும் தனித்தனியே வாங்கி வந்து, தன் கையாலேயே பூட்டினாள்.

அப்போதே மாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. "பெண் குழந்தைக்கு ஸ்குரூ டிரைவர் எதற்கு? கடைக்காரனே மாட்டிக் கொடுத்திருப்பானே!" என்றார்.

என் சம்சாரத்துக்கு வேறு கவலை. "ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். நாலே முக்காலுக்கு ஸ்விட்ச் போட்டால் விளங்குமா?" என்றாள்.

பேத்தி ஒன்றும் பேசவில்லை. அவள் கண்கள் மட்டும் கலங்கியிருந்தன. "தாத்தா, நீங்க கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

நான் வாலிபத்தில் ரேடியோ ரிப்பேர் செய்தவன். 1975-ல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்த பிறகு டி.வி.க்களையும் திறந்து பார்த்தவன். கம்ப்யூட்டர் எனக்குப் புதிது. ஆனால் ரிப்பேர் வேலைக்கு ஒரே சாஸ்திரம்தான்: சுலபமானதை முதலில் பார், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

விசிறி சொல்லும் சேதி

விசிறி சுற்றுவதால் தெரிவது, மின்சாரம் வந்துவிட்டது என்பது மட்டும்தான். வாசலில் கோலம் இருந்தால் வீட்டில் ஆள் இருப்பதாக அர்த்தம். சமையல் முடிந்துவிட்டதாக அர்த்தமா?

ஸ்விட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் தன்னைத் தானே பரீட்சை செய்துகொள்கிறது. பிராஸஸர் சரியா, ராம் சரியா, படம் காட்டும் கார்டு சரியா என்று பார்க்கிறது. 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில், எல்லாம் சரியென்றால் 'பீப்' என்று ஒரு சிறு ஒலி கேட்கும். இப்போது பல மதர்போர்டுகளில் ஒலிக்குப் பதில் நான்கு பொட்டு விளக்குகள்: பிராஸஸர், ராம், கிராபிக்ஸ், வட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. பரீட்சை எங்கே நிற்கிறதோ, அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பேத்தியின் பெட்டியில் கண்ணைப் பறித்த அலங்கார விளக்குகளுக்கு நடுவே, இந்தச் சின்ன விளக்குகளை நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை!

வாசல் மாறிய வயர்

முதலில் மானிட்டர். அதற்குக் கரண்ட் இருக்கிறதா? இருக்கிறது, 'சிக்னல் இல்லை' என்று அதுவே எழுதிக் காட்டுகிறது. அப்படியானால் வயர் எங்கே செருகியிருக்கிறது?

பெட்டியின் பின்புறம் படத்துக்கான துவாரம் இரண்டு இடத்தில் இருந்தது. மேலே இருப்பது மதர்போர்டினுடையது. கீழே இருப்பது கிராபிக்ஸ் கார்டினுடையது. பேத்தி மேலே செருகியிருந்தாள். அவள் வாங்கிய பிராஸஸரின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிகிறது. அந்த வகையில் படம் காட்டும் பகுதியே கிடையாது. மேல் துவாரத்தில் எத்தனை நாள் காத்திருந்தாலும் படம் வராது!

வயரைக் கீழே மாற்றினோம். அப்போதும் இருட்டு.

"நாளைக் காலையில் கடைக்குப் போய் இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன். மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான்!" என்றார் மாப்பிள்ளை.

"கொஞ்சம் பொறுங்கள் மாப்பிள்ளை, இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறது" என்றேன்.

செருகல்கள் சரியா?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் இரும்பைக் கையால் தொட்டோம். உடம்பில் தேங்கியிருக்கும் நிலைமின்சாரம் ராமையோ கார்டையோ கெடுத்துவிடக் கூடாதல்லவா?

எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து மதர்போர்டுக்கு இரண்டு செருகல்கள் போக வேண்டும். 24 முனை கொண்ட பெரியது ஒன்று. பிராஸஸருக்கு அருகே மூலையில் 8 முனை கொண்டது ஒன்று. இரண்டாவதை மறந்தவர்கள் அநேகம். விசிறி சுற்றும், ஆனால் பிராஸஸருக்குச் சோறு போகாது. கிராபிக்ஸ் கார்டு பெரியதாக இருந்தால் அதற்கும் தனி வயர் உண்டு. ஏனென்றால் அது உட்காரும் இடத்திலிருந்து அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும். மூன்றும் சரியாக இருந்தன. கெட்டிக்காரிதான்!

மறுபடி ஸ்விட்ச். இந்தத் தடவை பொட்டு விளக்குகளைப் பார்த்தோம். ராம் விளக்கு எரிந்தது.

திரும்பவும் பிளக்கைப் பிடுங்கினோம். டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு ராம் பலகையின் ஓரம் நூலளவு தூக்கிக்கொண்டிருந்தது. புதுப் போர்டு உடைந்துவிடுமோ என்று பயந்து பேத்தி மெதுவாக அழுத்தியிருக்கிறாள். இரண்டையும் கழற்றி, ஒன்றை மட்டும் பிராஸஸரிலிருந்து இரண்டாவது இடத்தில் வைத்து, 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினோம். ஸ்விட்சைப் போட்டோம். மறுபடியும் அதே விளக்கு! பேத்தி சோர்ந்து போய் ஸ்விட்சை அணைத்தாள். மறுபடி போட்டாள், அரை நிமிஷத்தில் மறுபடி அணைத்தாள்.

குப்பையில் கிடந்த மந்திரம்

இதற்குள் என் சம்சாரம் கூடத்தைப் பெருக்க ஆரம்பித்திருந்தாள். "இந்தக் காகிதம் வேண்டுமா, வேண்டாமா?" என்று ஒரு துண்டை நீட்டினாள்.

ராம் செருகும் இடத்தின் மேல் ஒட்டியிருந்த காகிதம் அது. பிரித்துப் போட்ட பேத்தியும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. முதல் தடவை இயக்கும்போது ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷங்கள் ஆகும், அதுவரை அணைக்காதீர்கள் என்று அதில் அச்சிட்டிருந்தது!

விஷயம் இதுதான். டி.டி.ஆர்.5 என்ற இப்போதைய ராமும் பிராஸஸரும் மிக வேகமாகப் பேசிக்கொள்பவை. எந்தக் கணத்தில் சொன்னால் தப்பில்லாமல் காதில் விழும் என்று முதல் சந்திப்பில் அவை சோதித்துப் பார்த்துக்கொள்கின்றன. பெண் பார்க்க வந்தவர்களிடம் காப்பி குடிக்கும் முன்பே, "என்ன, முகூர்த்தம் வைக்கலாமா?" என்று கேட்டால் எப்படி? நாங்கள் அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் சம்பந்தத்தையே முறித்துக்கொண்டிருந்தோம்!

ஸ்விட்சைப் போட்டுவிட்டு, யாரும் கிட்டே போகக் கூடாது என்று உத்தரவு போட்டேன். ஒரு நிமிஷம். இரண்டு. மூன்று. மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். பேத்தி நகத்தைக் கடித்தாள். திடீரென்று ராம் விளக்கு அணைந்தது, அடுத்த விளக்கு மின்னி மறைந்தது, மானிட்டரில் வெளிச்சம்!

"வந்துடுச்சு தாத்தா!" என்று அவள் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால்

நாங்கள் செய்தவற்றையே இதே வரிசையில் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் காசு போல இருக்கும் 3 வோல்ட் பாட்டரியைச் சில நிமிஷம் கழற்றி மாட்டுங்கள். பழைய அமைப்புகள் அழியும். பிராஸஸர் போர்டை விடப் புதியதாக இருந்தால், போர்டின் பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். மதர்போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து இயக்கிப் பாருங்கள். அங்கே படம் வந்தால், கேபினெட்டின் இரும்பு எங்கோ உரசுகிறது என்று தெரிந்துவிடும். தீய்ந்த வாசனை வந்தாலோ, பிராஸஸர் உட்காரும் இடத்தில் ஊசி வளைந்திருந்தாலோ, நிறுத்திவிட்டு அனுபவசாலியிடம் காட்டுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் ஒருநாளும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும்.

எங்கள் பெட்டியில் ஒரு சாமான்கூடக் கெட்டிருக்கவில்லை. மறுநாள் கடைக்காரருடன் நடக்க இருந்த சண்டை மிச்சம்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, மாப்பிள்ளை தம் ஆபீஸ் லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மகளிடம் வந்தார். "இதில் விசிறி ரொம்பச் சத்தம் போடுகிறது. உன் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்து கொஞ்சம் பாரேன், அம்மா" என்றார்.

என் சம்சாரம் சும்மா இருப்பாளா? "படம் வந்தபோது மணி என்ன, சொல்லுங்கள்" என்றாள்.

"ஆறு அடித்து இரண்டு நிமிஷம்."

"நான் அப்போதே சொன்னேனா, இல்லையா?" என்றாள்.

நான் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுக்கச் சொன்னவள் அந்த வீட்டிலேயே அவள் ஒருத்திதானே!