பொத்தான் கூறும் வரலாறு

பழம்பொருள்களைத் தேடிச் சேர்ப்போருள் அஞ்சல் தலைகளை நாடுவோர் உளர். நாணயங்களை நாடுவோரும் உளர். போர்வீரரின் சீருடையில் விளங்கிய உலோகப் பொத்தான்களைத் திரட்டுவோரும் மேலைநாடுகளில் பலர் உளர். அற்பமாகத் தோன்றும் பொத்தானில் அவர்கள் காணும் சிறப்பு யாது?

முற்காலத்தில் ஐரோப்பியப் படைப்பிரிவுகள் பல எண்ணாலேயே குறிக்கப்பெற்றன. பிரெஞ்சுப் படையில் 1762-ஆம் ஆண்டிலும், ஆங்கிலப் படையில் 1767-ஆம் ஆண்டிலும் அவ்வெண்ணைப் பொத்தானில் பொறிக்குமாறு ஆணை பிறந்தது. ஆங்கிலப் படையின் சாதாரண வீரர்கள் முதலில் வெள்ளீயக் கலவைப் பொத்தான்களை அணிந்தனர். 1855-ஆம் ஆண்டில் பித்தளைப் பொத்தான்கள் வந்தன. 1871-ஆம் ஆண்டில் எண் நீங்கி, அரச சின்னம் பொதுவாயிற்று. ஆதலின், எண் பொறித்த பித்தளைப் பொத்தான் ஒன்று கிடைப்பின், அஃது எந்தப் பிரிவினர்க்கு உரியது என்பதோடு, ஏறக்குறைய எந்த ஆண்டுகளைச் சார்ந்தது என்பதையும் அறிஞர் கூறிவிடுவர். பின்புறத்தில் பொறித்த தொழிற்சாலையின் பெயரும் ஊரும் அவர்க்குத் துணைபுரியும்.

1812-ஆம் ஆண்டில் நெப்போலியன் ருசிய நாட்டின்மீது படையெடுத்தான். மாஸ்கோவிலிருந்து மீண்ட அவன் படை குளிராலும் பசியாலும் நோயாலும் நலிந்தது. இன்றைய லிதுவேனியாவிலுள்ள வில்னியஸ் நகரில் பல்லாயிரவர் மடிந்தனர். 2001-ஆம் ஆண்டில் அந்நகரில் கட்டட வேலைக்காக மண்ணை அகழ்ந்தபோது பெரும் புதைகுழி ஒன்று வெளிப்பட்டது. அதில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோரின் எலும்புகள் கிடந்தன. அண்மைக் காலக் கொடுமைகளில் மாண்டவரோ என்று முதலில் பலர் ஐயுற்றனர். எலும்புகளுக்கிடையே கிடைத்த நாணயங்களும் எண் பொறித்த பொத்தான்களும் அவ்வையத்தை அகற்றின. பெயர் தெரியாத அவ்வீரர்கள் எந்தெந்தப் படைப்பிரிவினைச் சார்ந்தவர் என்பதும் புலனாயிற்று. 2003-ஆம் ஆண்டில் அவர்களுடைய எலும்புகள் அந்தாகல்னிஸ் இடுகாட்டில் மரியாதையுடன் அடக்கம் செய்யப்பெற்றன.

அப்பொத்தான்களை யாரேனும் ஆசையினால் முன்னரே பொறுக்கிச் சென்றிருப்பின், அவை ஒருவர் பெட்டியில் வெறும் உலோகத் துண்டுகளாய்க் கிடந்திருக்கும். மாண்டோரின் அடையாளமும் மறைந்திருக்கும். எனவே, பொத்தான் சேர்ப்போர் அது கிடைத்த இடத்தை மறவாது எழுதி வைத்தல் வேண்டும். பளபளப்பை விரும்பி அழுந்தத் தேய்த்தலும் தீது. தேய்ப்பின் மேற்பூச்சு அழியும், எழுத்தும் மழுங்கும். போர்க்களத்தையும் புதைகுழியையும் தாமே தோண்டாது, ஆராய்ச்சியாளர்க்கு அறிவித்தலே முறை.

பொருளைச் சேர்ப்பது எளிது. அதனோடு பிணைந்த செய்தியைக் காப்பதே அரிது. செய்தியை இழந்த பழம்பொருள் நாவை இழந்த சான்றாளனை ஒக்கும்.