உத்தி விளையாட்டுத் தொடர்களில் மாற்றத்தின் அளவு

உத்தி விளையாட்டுத் தொடர்களில் மாற்றத்தின் அளவு என்பது, பல ஆண்டுகளாக வெளிவரும் ஒரு கணினி உத்தி விளையாட்டின் அடுத்த பாகத்தில் எந்த விதிகளை வைத்துக்கொள்வது, எவற்றைத் திருத்துவது, எவற்றைப் புதிதாகச் சேர்ப்பது என்னும் வடிவமைப்புச் சிக்கலைக் குறிக்கும். மாற்றம் குறைந்தால் புதிய பாகத்தை வாங்கக் காரணம் இருக்காது. மாற்றம் மிகுந்தால் பழைய ஆட்டக்காரர்கள் பல ஆண்டுகள் பழகிய திறன் பயனற்றுப் போகும். சிவிலைசேஷன் (1991 முதல்), ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் (1997 முதல்) ஆகிய இரு தொடர்களும் இதற்கு வெவ்வேறு விடைகளைக் கண்டன. தமிழக வரலாறு இவ்விரண்டிலும் இடம்பெற்ற விதத்திலும் அந்த வேறுபாடு தெரிகிறது.

மூன்றில் ஒரு பங்கு விதி

சிவிலைசேஷன் ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக முறை வைத்து ஆடும் விளையாட்டு. ஒரு சிற்றூரில் தொடங்கி விண்வெளிக் காலம் வரை ஒரு நாகரிகத்தை வளர்ப்பதே இதன் அடிப்படை. தொடரைத் தொடங்கிய சிட் மையரின் பெயரால் வழங்கும் விதி ஒன்று உண்டு. அதன்படி, புதிய பாகத்தில் மூன்றில் ஒரு பங்கு பழையபடியே இருக்கவேண்டும்; ஒரு பங்கு மேம்படுத்தப்பட வேண்டும்; ஒரு பங்கு முற்றிலும் புதிதாக இருக்கவேண்டும்.

இவ்விதி மாற்றத்தின் அளவைச் சொல்கிறதே தவிர, எந்தப் பங்கை மாற்றலாம் என்பதைச் சொல்வதில்லை. 2010 இல் வெளியான ஐந்தாம் பாகம் சதுரக் கட்டங்களுக்குப் பதிலாக அறுகோணக் கட்டங்களைக் கொண்டுவந்தது. ஒரு கட்டத்தில் ஒரு படைப்பிரிவு மட்டுமே நிற்கலாம் என்றும் விதித்தது. படைகளை ஒரே கட்டத்தில் குவித்துப் பழகியவர்களிடம் தொடக்கத்தில் எதிர்ப்பு இருந்தது. 2012, 2013 ஆம் ஆண்டுகளின் விரிவாக்கங்களுக்குப் பின் அந்தப் பாகம் பரவலான வரவேற்பைப் பெற்றது. 2016 இல் வந்த ஆறாம் பாகம் நகரத்தைப் பல வட்டாரங்களாகப் பிரித்து நிலப்படத்தில் பரப்பியது. இவை பெரிய மாற்றங்களே. ஆயினும் தேர்ந்தெடுத்த நாகரிகத்தை முதலிலிருந்து முடிவு வரை நடத்திச் செல்வது என்னும் அடித்தளம் அப்படியே இருந்தது.

சோழர் வருகையும் ஏழாம் பாகமும்

முதல் ஆறு பாகங்களிலும் இந்தியத் துணைக்கண்டத்தின் முதன்மை வடிவம் "இந்தியா" என்ற ஒற்றை நாகரிகமே. காந்தி அதன் வழக்கமான தலைவர். நான்காம் பாகத்தில் அசோகரும், ஆறாம் பாகத்தின் விரிவாக்கத்தில் சந்திரகுப்தரும் சேர்ந்தனர். தென்னகத்து அரசுகளுக்குத் தனி நாகரிகம் இல்லை.

2025 பெப்ரவரியில் வெளியான ஏழாம் பாகம் இதை மாற்றியது. ஆட்டம் தொன்மைக் காலம், தேடலாய்வுக் காலம், நவீன காலம் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. வெளியானபோது, ஒவ்வொரு காலமும் முடியும்போது ஆட்டக்காரர் புதிய நாகரிகத்துக்கு மாறவேண்டியிருந்தது; தலைவர் மட்டும் தொடர்ந்தார். மௌரியர் முதற்காலத்திலும், சோழர் இரண்டாம் காலத்திலும், முகலாயர் மூன்றாம் காலத்திலும் வைக்கப்பட்டனர். சோழருக்குத் தனிக் கடற்படை அலகு உண்டு. தஞ்சைப் பெருவுடையார் கோயில் உலக அதிசயங்களுள் ஒன்றாகக் கட்டக்கூடியதாக அமைந்தது.

வரலாற்று நோக்கில் இதற்கு நியாயம் உண்டு. பிற்காலச் சோழர் ஆட்சி 9 ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்து 13 ஆம் நூற்றாண்டில் முடிந்தது. அவர்களைக் கற்காலத்தில் தொடங்கி ஏவுகணைக் காலத்தில் முடிப்பதைவிட, கடல்வணிகம் செழித்த இடைக்காலத்தில் வைப்பது பொருத்தமானது. ஆனால் ஆட்டக்காரரின் நோக்கில் சோழரை விரும்பித் தேர்ந்தவர் அவர்களை நடுவில் மட்டுமே ஆளமுடிந்தது. பேரரசு உச்சத்தில் இருக்கும்போதே அதைக் கைவிட வேண்டியிருந்தது.

2021 இல் வெளியான ஹியூமன்கைண்ட் என்ற விளையாட்டும் காலந்தோறும் பண்பாட்டை மாற்றும் முறையைக் கொண்டது. அது புதிய விளையாட்டு. ஆட்டக்காரர்களுக்குப் பழைய எதிர்பார்ப்பு ஏதுமில்லை. சிவிலைசேஷனுக்கோ முப்பது ஆண்டுப் பழக்கம் இருந்தது. ஸ்டீம் தளத்தில் ஏழாம் பாகத்துக்குக் கலவையான மதிப்புரைகளே கிடைத்தன. சில மாதங்களில் அதை ஆடியவர்களைவிட ஐந்தாம், ஆறாம் பாகங்களை ஆடியவர்கள் அங்கு மிகுதியாயினர். ஒரே நாகரிகத்துடன் முழு ஆட்டத்தையும் ஆடும் வழியை உருவாக்கிவருவதாக ஃபிராக்சிஸ் நிறுவனம் 2025 ஆம் ஆண்டிலேயே அறிவித்தது.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்: விதியை விட்டு உள்ளடக்கத்தை மாற்றுதல்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் நிகழ்நேரத்தில் ஆடப்படுவது. முதல் சிவிலைசேஷனை மையருடன் வடிவமைத்த புரூஸ் ஷெல்லி இதன் உருவாக்கத்திலும் முக்கியப் பங்கு வகித்தார். 1999 இல் 13 நாகரிகங்களுடன் வெளிவந்த இரண்டாம் பாகம் பெரும் வெற்றி பெற்றது. 2005 இல் வந்த மூன்றாம் பாகம் துணிந்து மாறியது. தாய்நகரிலிருந்து சீட்டுகள் வழியே உதவி பெறும் முறை புகுந்தது. திரட்டிய பொருளைக் கிடங்குக்குச் சுமந்துவரும் வேலை நீக்கப்பட்டது. அந்தப் பாகத்துக்கும் நிலையான ஆதரவாளர்கள் அமைந்தனர். எனினும் பலர் இரண்டாம் பாகத்திலேயே தங்கினர்.

இதன் விளைவாக 2013 இலும் 2019 இலும் இரண்டாம் பாகமே புதுப்பித்து வெளியிடப்பட்டது. 2021 இல் வந்த நான்காம் பாகமும் இடைக்காலத்துக்கே திரும்பியது. மூன்றாம் பாகத்துக்குத் திட்டமிடப்பட்ட புதிய விரிவாக்கம் 2025 ஜனவரியில் கைவிடப்பட்டது.

இரண்டாம் பாகத்தில் 2013 முதல் "இந்தியர்" என ஒரே நாகரிகம் இருந்தது. 2022 ஏப்ரலில் வெளியான டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா விரிவாக்கம் அதை இந்துஸ்தானியர் எனப் பெயர்மாற்றி, வங்காளியர், திராவிடர், கூர்ஜரர் ஆகிய மூன்றைப் புதிதாகச் சேர்த்தது. நாகரிகங்களின் எண்ணிக்கை 42 ஆனது. திராவிடருக்குச் சுருள்வாள் வீரர், திரிசடைக் கப்பல், உருக்குத் தொழில்நுட்பம் ஆகியவை தரப்பட்டன. குதிரைப்படையில் வலு குறைவு. காலாட்படையிலும் கடற்படையிலும் வலு மிகுதி. முதலாம் இராசேந்திர சோழனின் படையெடுப்புகள் தனிக் கதைத்தொடராயின. மரம் வெட்டுதல், காலம் உயர்த்துதல், முற்றுகை போன்ற அடிப்படை விதிகளில் 1999 இல் ஆடியவர் புதிதாகக் கற்கவேண்டியது மிகக் குறைவே.

இவ்வழிக்கும் குறைகள் உண்டு. "திராவிடர்" என்பது மொழிக்குடும்பத்தின் பெயர். சோழர், பாண்டியர், சேரர் முதலிய அரசுகள் ஒரே பெயரில் அடங்கிவிடுகின்றன. எண்ணிக்கை பெருகப் பெருக, ஒவ்வொரு நாகரிகத்தின் தனித்தன்மையையும் நினைவில் வைப்பது புதியவர்களுக்குக் கடினமாகிறது. வலுவைச் சமன்செய்வதும் சிக்கலாகிறது.

சதுரங்கத்துடன் ஒப்பீடு

மரபு விளையாட்டுகளிலும் பெரும் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. 15 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியச் சதுரங்கத்தில், மூலைவாக்கில் ஒரு கட்டமே நகர்ந்த அரசி இன்றைய ஆற்றலைப் பெற்றது. மந்திரியின் நகர்வும் நீண்டது. ஆட்டம் விரைவானதால் புதிய முறை பழையதை ஓரங்கட்டியது. அதன்பின் அடிப்படை நகர்வுகள் பெரும்பாலும் மாறவில்லை. பாபி ஃபிஷர் 1996 இல் அறிவித்த முறையும் காய்களின் தொடக்க வரிசையைக் கலைத்ததே அன்றி, அவற்றின் நகர்வைத் தொடவில்லை.

கணினி விளையாட்டில் நிலைமை வேறு. பழைய பாகம் மறைவதில்லை. அதே கடையில் குறைந்த விலைக்கு விற்கிறது. எனவே புதிய பாகம் தன் முன்னோடியுடனேயே போட்டியிட வேண்டியிருக்கிறது.

மதிப்பீடு

இரு தொடர்களும் தமிழக வரலாற்றுக்கு இடம் தந்தன. ஒன்று அடித்தள விதியை மாற்றித் தந்தது. மற்றொன்று விதியைத் தொடாமல் தந்தது. புதிய நாகரிகங்களுக்கு இடமளிக்க அடித்தளத்தை மாற்றியே தீரவேண்டும் என்பதில்லை என்பதை இரண்டாவது காட்டுகிறது. கட்டத்தின் வடிவம், நகரின் அமைப்பு, படை நிறுத்தும் முறை ஆகியவற்றின் மாற்றங்களைக் காலப்போக்கில் ஏற்ற ஆட்டக்காரர்கள், தாம் வளர்த்த நாகரிகத்தை நடுவழியில் விடச் சொன்னபோது தயங்கினர். ஆகவே எவ்வளவு மாறியது என்பதைவிட, ஆட்டக்காரர் தன்னுடையது எனக் கருதும் பகுதி மாறியதா என்பதே ஒரு தொடரின் வரவேற்பைப் பெரிதும் தீர்மானிக்கிறது.