சக்கரத்து மேல வீடு, வெளியே புயல்



போன மாசம் இதே பலகையில் "உலகில் வீடுகள் பலவிதம்" என்று ஒரு பக்கம் வந்தது. பனி வீடு, மர வீடு, படகு வீடு எல்லாம் படம் வரைஞ்சு ஒட்டியிருந்தாங்க. கடைசிப் படம் அமெரிக்காவில் இருக்கிற மோட்டார் வீடு. பார்க்க பஸ் மாதிரி இருக்கும். உள்ளேயே கட்டில், அடுப்பு, குளிக்கிற இடம் எல்லாம் உண்டு. எங்க வகுப்பில் எல்லாரும் "இதுல போனா எவ்வளவு ஜாலி" என்றார்கள். எனக்கு மட்டும் எங்க அப்பாவோட லாரி ஞாபகம் வந்தது.

எங்க அப்பா லாரி டிரைவர். மாசத்தில் இருபது நாள் கேபினில்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். சீட்டுக்குப் பின்னாடி ஒரு பலகை, அது மேல மெத்தை, கீழே சின்ன கேஸ் அடுப்பு, மேலே சாமி படம். அதுவும் சக்கரத்து மேல இருக்கிற வீடுதானே? அந்த மாதிரி வீட்டில் இருக்கும்போது புயல் வந்தால் என்ன செய்யணும் என்பதைத்தான் எழுதப் போறேன். பாதி எங்க அப்பா சொன்னது, பாதி எங்க அறிவியல் சார் சொல்லிக் கொடுத்தது. ஒரு சார்ட்டில் இடம் பத்தலை, பக்கத்துச் சார்ட்டையும் சேர்த்துப் படிங்க.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சென்னை முழுக்கத் தண்ணியில் மிதந்ததே, அந்தப் புயல்தான். நான் அப்போ ஏழாம் வகுப்பு. அப்பா குண்டூரில் மிளகாய் மூட்டை லோடு ஏத்திக்கிட்டு வந்துக்கிட்டு இருந்தாங்க. டிசம்பர் 4-ஆம் தேதி சாயங்காலம், காவலிக்கும் நெல்லூருக்கும் நடுவில், ரோட்டோரம் ஒரு தாபா மைதானத்தில் வண்டியை நிறுத்திட்டாங்க. ராத்திரி எட்டு மணிக்கு அம்மாகிட்டப் பேசினாங்க. அதுக்கப்புறம் ஒன்றரை நாள் போன் போகவே இல்லை. அம்மா சோறே ஆக்கலை. நானும் தம்பியும் பக்கத்து வீட்டில் சாப்பிட்டோம்.

இப்போ பாடத்துக்கு வர்றேன். காற்று ஒரு பொருளை எவ்வளவு தள்ளும்? சார் ஒரு கணக்குச் சொன்னார். காற்றின் அடர்த்தியில் பாதியை எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அழுத்தம் வரும். காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிலோ. அப்பா லாரியின் பக்கவாட்டு ஏறக்குறைய 20 சதுர மீட்டர். காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் லாரியை ஏறக்குறைய 240 கிலோ எடை தள்ளுகிற மாதிரி இருக்கும். 100 கிலோமீட்டர் வேகம் என்றால் எவ்வளவு? நான் 480 என்று எழுதினேன். தப்பு. வேகத்துக்கு வர்க்கம் போடணும் இல்லையா, அதனால் 940 கிலோ. கிட்டத்தட்ட ஒரு டன். வேகம் இரண்டு மடங்கு ஆனால் விசை நாலு மடங்கு! இது ஏறக்குறையக் கணக்குதான், ஆனால் இதை மட்டும் யாரும் மறக்காதீங்க. "காத்து கொஞ்சம்தானே கூடியிருக்கு"ன்னு யாராவது சொன்னால் நம்பாதீங்க.

ஒரு டன் தள்ளினால் லாரி சாய்ஞ்சிடுமா என்று கேட்டேன். நின்னுக்கிட்டு இருக்கிற பெரிய லாரி அவ்வளவு லேசில் சாயாது, அதிலும் லோடு இருந்தால் சாயவே சாயாது என்று சார் சொன்னார். ஆனால் மழையில் மண் ஊறி ஒரு பக்க டயர் மட்டும் புதைஞ்சால் வண்டி ஏற்கெனவே பாதி சாய்ஞ்ச மாதிரி. அப்புறம் காத்துக்கு வேலை சுலபம். ஓடுற வண்டி கதை வேற. ஈர ரோட்டில், பாலத்து மேல, பக்கவாட்டுக் காத்து இழுத்தால் ஸ்டீயரிங் கையில் நிக்காது என்று அப்பா சொன்னாங்க. மோட்டார் வீடு இன்னும் மோசம். உயரம் லாரி அளவுக்கு இருக்கும், ஆனால் உள்ளே மூட்டை கிடையாது. சுவரெல்லாம் மெல்லிசுத் தகடு, பிளைவுட், பைபர் கிளாஸ். பார்க்கத்தான் பெருசு.

அடுத்து, எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தணும்? இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. லாரியின் முகப்பு பக்கவாட்டில் மூணில் ஒரு பங்குதான் இருக்கும். அப்போ மூக்கைக் காத்துக்கு நேரா வெச்சால் தள்ளுகிற விசையும் மூணில் ஒரு பங்காக் குறையும். அன்னைக்கு தாபாவில் எல்லா வண்டியும் ரோட்டைப் பார்த்து வரிசையாக நின்னிருக்கு. அங்கே ரோடு தெற்கு வடக்காகப் போகுது. காத்தோ வடக்கிலிருந்து அடிச்சது. அப்படின்னா எல்லா வண்டிக்கும் பக்கவாட்டில்தான் அடி. லாரி தொட்டில் மாதிரி ஆடுச்சாம். கிளீனர் அண்ணன்தான் "அண்ணா, வடக்கே பார்த்துத் திருப்பிப் போட்டுடலாம்" என்று சொல்லியிருக்கார். திருப்பினதும் ஆட்டம் குறைஞ்சிடுச்சு. ரெண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கிட்டாங்க.

ஆனா மறுநாள் மத்தியானம் காத்து மேற்கிலிருந்து அடிச்சது! மறுபடியும் பக்கவாட்டில். அப்பாவுக்கு ஒண்ணுமே புரியலை. "காத்து கட்சி மாறிடுச்சு"ன்னு சொன்னாங்க.

கட்சி மாறலை. நம்ம பக்கம், அதாவது பூமத்திய ரேகைக்கு வடக்கே, புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுத்தும். ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பைஸ் பாலட் என்பவர் 1857-இல் ஒரு விதி சொன்னார். காத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. உங்க இடது கைப் பக்கம்தான் புயலின் மையம் இருக்கும். முதல் நாள் ராத்திரி வடக்குக் காத்து. அதுக்கு முதுகைக் காட்டினால் முகம் தெற்கே, இடது கை கிழக்கே. கிழக்கே என்ன இருக்கு? கடல். புயல் அங்கேதான் இருந்தது. அப்புறம் கரையோரமாகவே வடக்கே ஏறிப் போய், 5-ஆம் தேதி மத்தியானம் ஆந்திராவில் பாபட்லா பக்கத்தில் கரையைக் கடந்தது. அப்போ வேகம் மணிக்கு 90 முதல் 100 கிலோமீட்டர். மையம் வடக்கே போனதும் அப்பா நின்ன இடத்தில் மேற்குக் காத்து. விதி சரியாக வருதா, நீங்களே கையை நீட்டிப் பாருங்க. (எங்க வகுப்பில் இதைச் செஞ்சு பார்க்கும்போது எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியில் ஒருத்தர் இடிச்சுக்கிட்டோம்.)

அதனால் புயல் எந்தப் பக்கம் போகும் என்று வானிலை அறிக்கையில் கேட்டுட்டு, காத்து பின்னால் எப்படித் திரும்பும் என்பதை முதலிலேயே யோசிச்சு நிறுத்தணும். நடுப் புயலில் இறங்கி வண்டியைத் திருப்பக் கூடாது. புயலின் மையம் நேரா நம்ம தலைக்கு மேல வந்தால் கொஞ்ச நேரம் காத்தே இருக்காது. முடிஞ்சதுன்னு நினைச்சு வெளியே வந்துடக் கூடாது. அப்புறம் எதிர்ப் பக்கத்திலிருந்து திரும்ப அடிக்கும்.

நிறுத்துகிற இடம். மரத்தடி, கரண்ட் கம்பம், ஏரிக்கரை, பள்ளம், பாலத்துக்குக் கீழே போகிற சுரங்கப் பாதை எல்லாம் வேண்டாம். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது விளம்பரப் பலகை. 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் புழுதிக் காத்தில் ஒரு பெரிய விளம்பரப் பலகை பெட்ரோல் பங்க் மேல விழுந்து 17 பேர் இறந்துபோனார்கள். மழைக்கு ஒதுங்கத்தான் நாம பங்க்குக்குப் போவோம். கெட்டியான காங்கிரீட் கட்டடத்துக்குப் பின்னாடி, காத்து மறையுற பக்கம் நிறுத்தினால் நல்லது. ஆனா காம்பவுண்டு சுவரை ஒட்டி நிறுத்தக் கூடாது, ஈரத்தில் அது சாயும். தரை கெட்டியாக இருக்கணும்.

நிறுத்தின பிறகு செய்ய வேண்டியது நிறைய இருக்கு. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, டயருக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை வைக்கணும். லோடு இருந்தால் தார்ப்பாயை இழுத்து, கயிறு ஒரு இடத்தில்கூடத் தொங்காமல் கட்டணும். ஒரு ஓரம் பறக்க ஆரம்பிச்சால் மொத்தமும் கிழிஞ்சு போகும். வண்டி காலின்னா தார்ப்பாயைக் கழட்டி மடிச்சு வெச்சுடணும், இல்லாட்டி அது கப்பல் பாய் மாதிரி காத்தைப் பிடிக்கும். மோட்டார் வீட்டிலும் இதே கதைதான். வெயிலுக்கு வெளியே நீட்டியிருக்கிற துணிப் பந்தலைச் சுருட்டணும், இழுத்து நீட்டிய அறை இருந்தால் உள்ளே தள்ளணும், வெளியே போட்ட நாற்காலியைக்கூட எடுத்து வெச்சுடணும். டீசல் முதல் நாளே போட்டுக்கணும். போன் சார்ஜ், டார்ச், குடிதண்ணி, அவல், பொட்டுக்கடலை, மாத்திரை.

அடுப்பு பத்தித் தனியாகச் சொல்லணும். மழை உள்ளே வருதுன்னு கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு கேபினுக்குள்ளே அடுப்புப் பத்தவைக்கவே கூடாது. எஞ்சினை ஓடவிட்டுட்டுத் தூங்கவும் கூடாது. கார்பன் மோனாக்சைடு என்கிற வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆள் போயிடுவாங்க. சிலிண்டர் வால்வை மூடிடணும்.

தண்ணி. நாம படிச்ச ஆர்க்கிமிடிஸ் தத்துவம்தான். வண்டி எவ்வளவு தண்ணியை விலக்குதோ அந்த எடை அளவுக்கு மேலே தூக்கும். ஒரு கன மீட்டர் தண்ணி 1000 கிலோ! வேகமாக ஓடுற தண்ணி ஒரு அடி இருந்தாலே காரை இழுத்துடும். ரெண்டு அடி இருந்தால் ஜீப் மாதிரி பெரிய வண்டியையும் இழுக்கும். மேலே தண்ணி ஓடுற ரோட்டில் கீழே ரோடு இருக்கா இல்லையா என்பதே தெரியாது.

இதெல்லாம் செஞ்சுட்டால் போதுமா? போதாது. அமெரிக்காவில் சூறாவளிச் சுழல் வந்தால் மோட்டார் வீட்டில் இருக்காதீங்க, இறங்கி உறுதியான கட்டடத்துக்குப் போங்க என்றுதான் அவங்க வானிலைத் துறையே சொல்லுது. கடல் புயல் என்றால் ரெண்டு மூணு நாள் முன்னாடியே ஓட்டிக்கிட்டுத் தூரமாகப் போயிடணும். சக்கரம் இருக்கிற வீட்டுக்கு அதுதான் பலம். நம்ம வானிலைத் துறையும் புயலுக்கு 48 மணி நேரம் முன்னாடி ஒரு எச்சரிக்கையும், 24 மணி நேரம் முன்னாடி இன்னொன்றும் கொடுக்குது. 48 மணி நேரத்தில் லாரி எவ்வளவு தூரம் போகலாம்!

நான் இதை அப்பாகிட்டச் சொன்னேன். அப்பா சிரிச்சாங்க. "லோடு இன்ன தேதிக்கு இறங்கணும்னு சொல்லித்தான் சாமி அனுப்புறாங்க. புயல் வருதுன்னு நான் எங்கே ஓடுறது?"

அது மட்டும் இல்லை. அந்த 5-ஆம் தேதி மத்தியானம் தாபாக்காரர் வந்து, பக்கத்தில் பள்ளிக்கூடம் திறந்து விட்டிருக்காங்க, போங்கன்னு சொல்லியிருக்கார். மத்த டிரைவர்கள் பாதிப் பேர் போயிட்டாங்க. அப்பா போகலை. மிளகாய் நனைஞ்சால் வாடகையில் பிடிப்பாங்க, டீசல் திருடு போனால் அதையும் பிடிப்பாங்க. கிளீனர் அண்ணனை மட்டும் அனுப்பிட்டு, பலகையில் படுத்துட்டாங்க. கொஞ்ச நேரத்தில் கூரைத் தகரம் ஒண்ணு பறந்து வந்து கேபின் கண்ணாடியில் அடிச்சது. அப்பா சீட்டில் உட்கார்ந்திருந்தால் கழுத்தில் பட்டிருக்கும். படுத்திருந்ததால் கையில் ஏழு தையலோடு போச்சு. லாரி சாயவும் இல்லை, மிதக்கவும் இல்லை. எல்லாம் சரியாகத்தான் செஞ்சு வெச்சிருந்தாங்க, அப்பாவும் உள்ளே இருந்தாங்க, அது ஒண்ணுதான். கண்ணாடிக் காசையும் அந்தத் தடவை சம்பளத்தில்தான் பிடிச்சாங்க.

இந்தக் கட்டுரைக்காக நான் எழுதினதை ஒரு தாளில் பெருசா எழுதி அப்பாகிட்டக் கொடுத்தேன். கட்டை, கயிறு, கண்ணாடி, வால்வு, இடது கை விதி எல்லாத்தையும் கிளீனர் அண்ணனுக்குப் படிச்சுக் காட்டினாங்க. கடைசியில் சிவப்பு மையில் "காத்து 60-க்கு மேல என்றால் இறங்கிக் கட்டடத்துக்குப் போகவும்" என்று எழுதியிருந்தேன். அதை மட்டும் ரெண்டு தடவை படிச்சுட்டு, "பார்க்கலாம் சாமி" என்றாங்க. தாளை மடிச்சு சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வெச்சிருக்காங்க.

உங்க வீட்டிலும் யாராவது லாரி, வேன், டெம்போ ஓட்டினால் இந்த நம்பர்களை எழுதிக் கொடுங்க: நெடுஞ்சாலை உதவிக்கு 1033, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, எந்த அவசரத்துக்கும் 112.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி