கிராமச் சுகாதாரத்துக்கு மானியம்: சங்கம் யாரிடம் கேட்பது, எதைக் கேட்பது?

மீளக்குடியமர்ந்த கிராமங்களில் நாம் நடத்தும் கூட்டங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "பெரியாஸ்பத்திரி சங்கங்களுக்குக் காசு குடுக்குமாம், எங்கட சங்கத்துக்கும் எடுத்துத்தர ஏலாதோ?" என்பதே அது. வெளிநாட்டிலுள்ள உறவினர் சொல்லக் கேட்டுத்தான் பலர் இதைக் கேட்கிறார்கள். உறவினர் சொன்னதும் பொய்யல்ல. அமெரிக்காவில் இலாப நோக்கமற்ற வைத்தியசாலைகள் அரசுக்கு வருமான வரி கட்டுவதில்லை. அந்தச் சலுகைக்கு ஈடாகச் சுற்றியுள்ள மக்களின் சுகாதாரத்துக்கும் அவை ஏதாவது செய்ய வேண்டும். சில வைத்தியசாலைகள் அதில் ஒரு பகுதியை அந்த ஊரில் வேலை செய்யும் சங்கங்களுக்கு மானியமாகக் கொடுக்கின்றன. 2010ஆம் ஆண்டின் சட்டமொன்றின்படி, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவை அப்பகுதி மக்களின் சுகாதாரத் தேவைகள் எவை என்று கணக்கெடுத்து வெளியிடவும் வேண்டும்.

இலங்கையில் நிலைமை வேறு. எமது அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். அவை திறைசேரியிலிருந்தும் மாகாண சபை ஊடாகவும் வரும் நிதியில் இயங்குகின்றன. அந்த நிதி மருந்து, சம்பளம், கட்டடம் என்று ஏற்கெனவே பகிரப்பட்டே வருகிறது. அதிலிருந்து ஒரு கிராமச் சங்கத்துக்குப் பணம் எடுத்துக் கொடுப்பது வைத்தியசாலையின் வேலை அல்ல. உண்மையில் இங்கே பணம் மறுபக்கமாகவே ஓடுகிறது. பல வைத்தியசாலைகளில் நோயாளர் நலன்புரிச் சங்கங்கள் மக்களிடம் சேர்த்து விடுதிக்குக் கட்டிலும் மின்விசிறியும் வாங்கிக் கொடுக்கின்றன. ஆகவே கடிதத்தை எடுத்துக்கொண்டு மாவட்ட வைத்தியசாலைக்குப் போய் நிற்பதில் பஸ் காசுதான் செலவாகும்.

கிராமத்தின் சுகாதாரத்துக்கு உதவி பெற வழி இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த வழி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தொடங்குகிறது.

எமது நாட்டில் நோய்க்குச் சிகிச்சை அளிப்பது ஒரு பிரிவு, நோய் வராமல் தடுப்பது இன்னொரு பிரிவு. இரண்டாவது பிரிவின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் ஆரம்பிக்கப்பட்டது. இன்று ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரியின் கீழும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் குடும்பநல உத்தியோகத்தர்களும் வேலை செய்கிறார்கள். ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர், 10,000 பேருக்கு ஒரு பரிசோதகர் என்பது கணக்கு. மீள்குடியேற்றப் பகுதிகளில் வெற்றிடங்கள் இருப்பதால் ஒருவரே இரண்டு மூன்று பிரிவுகளைப் பார்ப்பதும் உண்டு.

இங்கேதான் திரும்பி வந்த குடும்பங்கள் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் உங்கள் குடும்பம் இல்லையென்றால், சுகாதாரப் பணிமனையின் கணக்கில் நீங்கள் ஊரில் இல்லை. நாற்பது குடும்பம் வந்து கொட்டில் போட்டு இருந்தாலும் பதிவேட்டில் ஐந்து குடும்பமே இருந்தால், ஐந்து குடும்பத்துக்குரிய கிளினிக், ஐந்து குடும்பத்துக்குரிய திரிபோஷாதான் வரும். மானியம் தரும் நிறுவனம் எத்தனை பயனாளிகள் என்று விசாரித்தாலும் அதே பதிவேட்டையே கேட்கும். எனவே திட்டம், விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் முதல், கர்ப்பிணித் தாய்மாரும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ளவர்களும் பதிவு செய்துகொள்ளுங்கள். இடம்பெயர்ந்தபோது பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு தொலைந்திருந்தால் அதற்காகப் பின்னிற்க வேண்டாம். எந்த முகாமில், எந்த ஆண்டளவில் ஊசி போட்டது என்று நினைவில் உள்ளதைச் சொன்னால், அடுத்து எந்த ஊசி தேவை என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

சுகாதாரப் பணிமனை பணமாக எதையும் தராது. ஆலோசனை, குடிநீர்ப் பரிசோதனை, கிணற்றுக்குக் குளோரின் இடுதல், கிளினிக், பயிற்சி என்பவற்றையே அது தரும். பணம் அல்லது பொருள் தரக்கூடியவை எம்மைப் போன்ற நிவாரண நிறுவனங்கள், பிரதேச செயலகம் ஊடாக வரும் திட்டங்கள், பிரதேச சபை, பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி ஆகியன. சுகாதாரம் சம்பந்தமான வேலை என்றால், இவர்கள் பெரும்பாலும் சுகாதார வைத்திய அதிகாரியின் சிபாரிசைக் கேட்பார்கள். அந்தக் கடிதம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மானியம் தனி ஆளுக்குக் கொடுக்கப்படுவதில்லை, சங்கத்துக்கே கொடுக்கப்படும். புதிதாக ஒரு நிறுவனம் தொடங்கத் தேவையில்லை. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொண்டு நிறுவனமாகப் பதிய வேண்டுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஊரளவில் ஒரு கிணறும் ஒரு கிளினிக் கொட்டிலும் திருத்த அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கிராம அபிவிருத்திச் சங்கம் அல்லது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் போதும். அநேகமாக உங்கள் ஊரிலும் இடம்பெயர்வுக்கு முன்னர் அப்படியொன்று இருந்திருக்கும். அதன் பதிவிலக்கம் பிரதேச செயலகக் கோவையில் இருக்கிறதா என்று கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

பழைய சங்கத்தில் வரும் பெரிய சிக்கல் வங்கிக் கணக்கு. தலைவர் இறந்திருப்பார், பொருளாளர் கனடாவில் இருப்பார், செயலாளர் மட்டும் ஊரில் இருப்பார். மூவரில் இருவர் கையெழுத்து வைத்தால்தான் காசு எடுக்கலாம் என்று கணக்கு திறந்திருப்பார்கள். இதைத் தீர்க்க முடியாது என்று நினைத்துப் பலர் சங்கத்தையே கைவிட்டு விடுகிறார்கள். தீர்க்கலாம். கிராம அலுவலருக்கும் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் அறிவித்துப் பொதுக்கூட்டம் கூட்டுங்கள். அவர்கள் முன்னிலையில் புதிய நிர்வாகத்தைத் தெரிவு செய்யுங்கள். வந்தவர்களின் பெயரையும் கையெழுத்தையும், யார் யாரை முன்மொழிந்தார் என்பதையும் கூட்டறிக்கைக் கொப்பியில் எழுதுங்கள். அதன் பிரதியை உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலுடன் வங்கிக்குக் கொடுத்துக் கையெழுத்து மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு தடவையில் முடியாமல் போகலாம். இரண்டு மூன்று முறை நடக்க வேண்டி வரும். அப்படியிருந்தும், காசு வருகிறதாம் என்ற கதையில் அவசரமாக இரண்டாவது சங்கம் ஒன்றைத் தொடங்குவதைவிட இது நல்லது. ஊருக்குள் இரண்டு சங்கம் என்றால், எந்த நிறுவனமும் எந்தச் சங்கத்துக்கும் கொடுக்கத் தயங்கும்.

அடுத்தது, எதைக் கேட்பது என்பது. அமெரிக்க வைத்தியசாலைகளின் முறையில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டென்றால் அது முதலில் தேவையைக் கணக்கெடுப்பதுதான். "எமது ஊருக்குச் சுகாதார வசதி செய்து தரவும்" என்று எழுதும் கடிதம் கோவைக்குள் போய்விடும். பொதுக் கிணறுகள் எத்தனை, அவற்றில் இறைத்துத் துப்பரவாக்கியவை எத்தனை, மலசலகூடம் இல்லாத வீடுகள் எத்தனை, கடந்த மூன்று மாதத்தில் வயிற்றோட்டம் வந்த பிள்ளைகள் எத்தனை பேர், கிளினிக்குக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பெண்கள் வீடு வீடாகப் போனால் எழுதிவிடலாம். பெண்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வயிற்றோட்டக் கணக்கு ஆண்களிடம் கேட்டால் சரியாக வருவதில்லை.

கிணற்றையே எடுத்துக்கொள்வோம். நீண்ட காலம் கைவிடப்பட்ட கிணற்றில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை அல்ல. உங்கள் பகுதி கண்ணிவெடி அகற்றப்பட்டுக் கையளிக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதி செய்யாமல் யாரும் கிணற்றுக்குள் இறங்க வேண்டாம். உள்ளே சந்தேகமான பொருள் ஏதும் தெரிந்தால் தொடாமல் பொலிஸாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். அடுத்து, நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்து இயக்க வேண்டாம். அதன் புகையில் உள்ள நச்சு வாயு கிணற்றுக்குள் தேங்கி, இறங்குபவரை நிமிடங்களில் கொல்லும். அதற்கு மணமும் இல்லை. இயந்திரம் வெளியே, கிணற்றுக்கு எட்ட நிற்கட்டும். குழாய் மட்டும் உள்ளே போகட்டும்.

குளோரின் எவ்வளவு என்பதைப் பரிசோதகர் சொல்வார். அதற்கு அவருக்கும், விண்ணப்பத்துக்கும், கிணற்றின் நீரளவு தேவை. வட்டக் கிணறென்றால் குறுக்களவை அதே அளவால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 0.785 ஆல் பெருக்குங்கள். 10 அடிக் குறுக்களவும் 5 அடி நீரும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 390 கன அடி, அதாவது 11,000 லீற்றர் அளவில் நீர் இருக்கும். புதிய மலசலகூடக் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் வெடிப்புகள் வழியே கழிவு விரைவாக நீரைச் சேர்வதால் 50 அடி போதாமலும் போகலாம். குழி வெட்டுமுன் பரிசோதகருக்கு இடத்தைக் காட்டுங்கள்.

கிணற்றோடு சேர்ந்த இன்னொரு விடயம் மலேரியா. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் பரப்பக்கூடிய நுளம்பு இன்னும் இருக்கிறது. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் ஒரு வகை நுளம்பு அதன் பின்னர் மன்னாரில் கிணறுகளில் பெருகுவதும் கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள் காய்ச்சல் இல்லாவிட்டாலும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஒரு வகை மலேரியாக் கிருமி ஈரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து திரும்ப வரும். பரிசோதனையும் மருந்தும் இலவசம். இதைச் சொல்வதால் யாரும் உங்களைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. பாவிக்காத கிணறுகளை வலையால் மூடுவதற்கும் மீன் விடுவதற்குமான செலவைச் சங்கம் தனது திட்டத்தில் சேர்க்கலாம்.

விண்ணப்பம் இரண்டு பக்கத்துக்கு மேல் தேவையில்லை. "எமது கிராமத்தில் 42 குடும்பங்கள் மூன்று பொதுக் கிணறுகளைப் பாவிக்கின்றன. ஒன்று மட்டுமே துப்பரவாக்கப்பட்டுள்ளது. மற்ற இரண்டையும் இறைத்து, கட்டுத் திருத்தி, வலை போட உதவி கோருகிறோம். சேறு அள்ளும் வேலையை 20 பேர் மூன்று நாள் சிரமதானமாகச் செய்வோம்." இவ்வளவு தெளிவாக எழுதினால் போதும். சிரமதானத்தைக் கட்டாயம் எழுதுங்கள். அது உங்கள் பங்களிப்பாகக் கணக்கில் வரும். சீமெந்து, வலை, கூலி என்று தனித்தனியாக விலை போட்டு, பெரிய பொருட்களுக்கு மூன்று கடைகளின் விலைக்கூறுகளை இணையுங்கள். கிணற்றைப் பிறகு யார் பராமரிப்பது என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். பணம் கிடைத்த பின் ஒவ்வொரு சிட்டையையும் கொப்பியில் ஒட்டி, மாதக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். படிவம் நிரப்பவோ சிபாரிசு எடுக்கவோ யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். எமது நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால், இக்கைநூலின் பின்னட்டையில் உள்ள இலக்கத்துக்கு உடனே அறிவியுங்கள்.

இந்த மானியங்களால் ஒரு தனி ஆளின் சத்திரசிகிச்சைக்கு உதவ முடியாது. இதயம், சிறுநீரகம் போன்ற பெரிய செலவுகளுக்கு ஜனாதிபதி நிதியம் உதவுகிறது. அதற்கு வைத்தியரின் அறிக்கையும் வருமான விபரமும் வேண்டும். எங்கே, எப்படி விண்ணப்பிப்பது என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியலாம். சங்கத்தின் கூட்டத்திலோ விண்ணப்பத்திலோ ஒரு குடும்பத்தின் நோயை, அவர்களின் அனுமதியின்றி, எழுத வேண்டாம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிதியாண்டு முடிவதாலோ, அதே வேலையை வேறொரு நிறுவனம் ஏற்றிருப்பதாலோ தள்ளப்படும் விண்ணப்பங்கள் உண்டு. அப்படியானால் அதே கடிதத்தையும் சிபாரிசையும் திகதி மாற்றி அடுத்த நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். ஒரு பிரதியை எப்போதும் சங்கக் கோவையில் வைத்திருங்கள். இதற்கிடையில் யாருக்காவது கடும் சுகவீனமோ பாம்புக்கடியோ பிரசவ வலியோ ஏற்பட்டால், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் காவு வண்டி கட்டணமின்றி வரும். வளவுக்கு வழி தெரியாத இடமென்றால், ஒருவரைப் பிரதான வீதிச் சந்திக்கு அனுப்பி வண்டிக்கு வழி காட்டச் சொல்லுங்கள்.