தென்கொரியாவில் டியூஷன் குற்றமாக இருந்த காலம்

தென்கொரியாவில் கல்லூரி மாணவர்கள் டியூஷன் எடுப்பதே ஒரு காலத்தில் குற்றம். 1980 ஜூலை 30 அன்று, சுன் டூ ஹ்வான் தலைமையிலான ராணுவக் குழு தனிப்பயிற்சியைத் தடை செய்தது. காசுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் முந்தக்கூடாது என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் அடி யாருக்கு விழுந்தது? டியூஷன் காசில் ஃபீஸ் கட்டி, சியோலில் தங்கிப் படித்த வெளியூர் மாணவர்களுக்கு. வசதியானவர்கள் ரகசியமாக ஆள் வைத்துக்கொண்டார்கள். மாட்டினால் தண்டனை என்பதால் ரேட்டும் ஏறியது.

1989-ல் கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். 2000 ஏப்ரலில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடையே செல்லாது என்றது.

எனக்குத் தோணுறது இதுதான்: சொல்லிக்கொடுக்கிறவரை வியாபாரியாக மட்டும் பார்த்த சட்டம், அவரும் ஃபீஸ் கட்ட வேண்டிய ஒரு மாணவர்தான்னு ஒத்துக்க ஒன்பது வருஷம் ஆச்சு.